இரண்டு கோல் கம்பங்கள்

ஆட்டம் முடியப் போகிறது. கோல் கம்பங்கள் இரண்டும் வலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றன.

"ஒரே ஒரு கோல். போட்டா நம்ம டீம் மேல் டிவிஷனுக்குப் போயிடும்," என்றது வலது கம்பம்.

"போனா? டீமோட புது முதலாளி பேசினதைக் கேட்கலையா நீ? அப்புறம் ஆட்டமெல்லாம் டவுன் ஸ்டேடியத்துலதானாம். இங்கே குடோன் கட்டப் போறாராம். நம்மைப் பிடுங்கிப் பழைய இரும்புக் கடையில போட்டுடுவாங்க," என்றது இடது கம்பம்.



கடைசி நிமிடத்தில் உள்ளூர் ஆட்டக்காரன் ஒருவன் ஓங்கி உதைத்தான். எதிரணி கோல்கீப்பர் பாய்ந்தும் எட்டவில்லை. பந்து நேராக வலது கம்பத்துக்கு வந்தது.

"விறைப்பா நில்லு. பந்து உன்மேல பட்டு வெளியே போயிடும்," என்று இடது கம்பம் கெஞ்சியது.

பந்து 'டங்'கென்று மோதியது. வலது கம்பம் ஒரு நூல் அளவு சாய்ந்துகொடுத்தது. பந்து உள்ளே போய் வலையில் விழுந்தது. மைதானமே எழுந்து கத்தியது.

"என்ன காரியம் பண்ணிட்டே?"

"வெளியே தள்ளணும்னுதான் நின்னேன்," என்றது வலது கம்பம், அதிர்வு அடங்காமல். "அடிச்சது நம்ம பையனாச்சே."