மறுநாள் இறந்தவன்

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்ற பெண் மூக்கை உறிஞ்சினாள். ஓரமாக நின்றிருந்த கண் டாக்டருக்கு உள்ளம் குளிர்ந்தது.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரே பைத்தியம்தான். நூற்று முப்பது வருடங்களுக்கு முந்தைய போரில் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பது. இன்று நூலகக் கூடத்தில் அவற்றின் கண்காட்சி.

கூட்டத்தை அழவைத்தது ஒன்றே ஒன்று. நிச்சயித்த பெண்ணுக்கு ஒருவன் எழுதியது.

‘விடிந்தால் பாலத்தைப் பிடிக்கப் போகிறோம். உன் கைக்குட்டை என் சட்டைக்குள் இருக்கிறது.’

கீழே டாக்டர் தன் கைப்பட ஓர் அட்டை எழுதி வைத்திருந்தார்: ‘மறுநாள் இறந்தான். வயது இருபத்திரண்டு. மணமாகாதவன்.’

அவரிடம் வந்த கடிதக் கட்டு அதோடு முடிந்திருந்தது. அவன் இறந்தான் என்பதற்கு வேறென்ன வேண்டும்?

கட்டைக் கொடுத்த எதிர்வீட்டு வக்கீலம்மா அப்போதுதான் உள்ளே வந்தார். கைப்பையைத் துழாவி ஒரு பழுப்புத் தாளை நீட்டினார்.

“பரணை ஒழிச்சப்ப இன்னொண்ணு கிடைச்சுது டாக்டர்.”

அதே சாய்ந்த கையெழுத்து. அதே கையொப்பம். தேதி மட்டும் பன்னிரண்டு வருடம் பிந்தியது.

‘மூத்தவனுக்கு முன்பல் விழுந்துவிட்டதா? மழைக்கு முன்னால் கூரையைச் சரிபார்க்கச் சொல். உன் அண்ணன் நம் ஏணியை இன்னும் திருப்பித் தரவில்லை. வெட்கங்கெட்டவன்.’

டாக்டர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் மனைவி தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார்.

“என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?”

“அவன் சாகலை.” டாக்டரின் குரல் உடைந்திருந்தது.

“அட, நல்லதாப் போச்சு!”

டாக்டர் மனைவியை முறைத்தார். பெட்டிக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. நிருபர் ஒருவர் அட்டையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் எழுந்தார். தாளை நாலாக மடித்தார். வக்கீலம்மாவை ஒரு தூண் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“ஒரே மாதிரி கையெழுத்து எத்தனையோ பேருக்கு இருக்கும்மா. இதையும் அவனேதான் எழுதினான்னு என்ன ஆதாரம்?”

வக்கீலம்மா பெட்டியருகே போய்க் குனிந்து அட்டையைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“நான்தான் ஆதாரம், டாக்டர்,” என்றார். “இவர் எங்க அப்பாவோட தாத்தா.”