ஐம்பதாவது பெயர்

நான்கு மணிக்குள் பட்டியல் லண்டனுக்குப் போய்ச் சேர வேண்டும். மணி மூன்று நாற்பது. கல்யாணியின் திரையில் நாற்பத்தொன்பது பெயர்கள் இருந்தன.

ஐம்பது பேர் தேறினால், கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் கணினி விளையாட்டு விற்பதைப் பற்றி லண்டனில் இருக்கும் இணையக் கடை யோசிக்கும். தேறாவிட்டால் ஃபைலை மூடிவிடும். அதற்கப்புறம் லினக்ஸ் என்று எவர் எழுதிக் கேட்டாலும் பதில்கூடப் போகாது.

அந்தக் கடைக்கு வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவதுதான் சிறுசேரியில் அவளுக்கு வேலை. அங்கே அவள் பெயர் கெல்லி. கல்யாணி என்பது வெள்ளைக்காரன் வாயில் நுழையாதாம்.

வேலையில் சேர்ந்த அன்றே மூன்று விதிகளுக்குக் கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. எந்தக் கடைக்கு வேலை செய்கிறோம் என்று வீட்டில்கூட மூச்சுவிடக் கூடாது. தெரிந்தவர், சொந்தக்காரர் யாருடைய கடிதத்தையும் தொடக் கூடாது; தொட்டால் அன்றைக்கே வேலை போகும்.

மூன்றாவதைப் படித்துவிட்டுச் சிரிக்காதவர் கிடையாது. லண்டன் கடையில் திருக்கழுக்குன்றத்துக்காரன் என்னத்தை வாங்கிக் கிழிக்கப்போகிறான்?

மூன்று நாற்பத்திரண்டுக்கு அந்த மனிதரின் பன்னிரண்டாவது கடிதம் வந்து விழுந்தது.

பெயரைப் பார்க்கத் தேவையே இல்லை. வரிக்கு வரி ஆச்சரியக்குறி போடுகிற வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான்.

இரண்டு வருடத்தில் பதினொரு கடிதம். பதினொன்றுக்கும் பதில் போட்டவள் கெல்லிதான். ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. தற்போது லினக்ஸுக்கான திட்டம் ஏதும் இல்லை.’ எழுதிக்கூட அனுப்பவில்லை. தயாராக இருந்ததை எடுத்து ஒட்டினாள். ஒவ்வொரு தடவையும் கடிதத்தைக் கடைசி வரி வரை படித்தாள். ஆனாலும் அனுப்பினாள்.

இந்தத் தடவை அவர் எழுதியிருந்தது இது: ‘நான் எதையும் இலவசமாகக் கேட்கவில்லை! ஆறு விளையாட்டு வாங்கியிருக்கிறேன்! என் கணினியில் எது ஓட வேண்டும் என்று நான்தான் முடிவு செய்வேன்! என்னையும் ஒரு ஆளாக எண்ணுங்கள், அது போதும்! கெல்லி என்று நிஜமாகவே ஒரு பெண் இருந்தால், ஒரே ஒரு வரியாவது சொந்தமாக எழுதச் சொல்லுங்கள்!’

கல்யாணிக்கு முகம் சுட்டது.

ஐம்பதாவது வரிசையில் அவர் பெயரைப் போட்டாள். கட்டம் சிவப்பாகிவிட்டது. பதிவேட்டில் அவர் விண்டோஸ்காரர்.

மேசையை ஓங்கித் தட்டலாம் போலிருந்தது. கடையின் நிரல் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். லினக்ஸ் வைத்திருப்பவர் உள்ளே வர வேண்டுமென்றால் கணினிக்கு விண்டோஸ் வேடம் கட்டித்தான் வர வேண்டும். அப்படி வேடம் கட்டுவதற்கென்றே ஒரு நிரல் இருக்கிறது. இரண்டு வாரம் அதனோடு மல்லுக்கட்டினால் விளையாட்டு ஏதோ ஓடும்.

இந்த மனிதர் மல்லுக்கட்டினார். மற்ற நாற்பத்தொன்பது பேரும், லினக்ஸில் ஓடவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போனவர்கள்.

விட்டுவிட்டுப் போனவர்களெல்லாம் லினக்ஸ். விடாமல் நின்றவர் மட்டும் விண்டோஸ். இது என்ன அநியாயம்!

பதிவேட்டை மீற டீம் லீடர் ஒப்புதல் வேண்டும். கையைத் தூக்கினாள். தர்மராஜ் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் விதி என்றால் அவருக்கு விதிதான்.

மணி மூன்று ஐம்பத்தொன்று.

“ரெக்கார்டு விண்டோஸ்னு சொல்லிக்கினு கீது, நீ லினக்ஸ்ன்றே. எங்கியோ இருக்கற ஆளு வூட்ல இன்னா ஓடுதுன்னு உனக்கு எப்டிம்மா தெரியும்?”

தெரியாது சார் என்று சொன்னால் தீர்ந்தது. பெயரை அழித்துவிடலாம். பன்னிரண்டாவது தடவையும் அதே பதிலை எடுத்து ஒட்டிவிட்டு எழுந்து போகலாம். திருக்கழுக்குன்றத்திலிருந்து திருப்போரூர் வழியாக ஒன்றரை மணி நேரம் வேனில் குலுங்கி வந்து காப்பாற்றிக்கொண்ட வேலை. அடுத்த மாதம் பதவி உயர்வு என்று தர்மராஜே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

கண்ணாடிக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. கல்யாணி நாற்காலியைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தாள்.

“அது எங்க வூட்டுக்காரரு சார். அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியத் தெனமும் தொடைக்கிறவளே நான்தான். சோறு போடும்போதெல்லாம் கெல்லியத் திட்டுவாரு, நானும் கூட சேந்து திட்டுவேன்.”

தர்மராஜ் குனிந்து தன் கடவுச்சொல்லைத் தட்டினார். சிவப்பு மறைந்தது. அவள் முகத்தைப் பார்க்காமலே, அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார்.

கல்யாணி முதலில் பட்டியலை அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரை சொல்லும்வரை காத்திருந்தாள். அட்டையைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

நான்கு மணிக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. பன்னிரண்டாவது கடிதத்தைத் திறந்து, எதையும் எடுத்து ஒட்டாமல், தானே எழுதினாள்.

‘உங்களை எண்ணியாயிற்று. இன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுவேன். கல்யாணி.’