பதினேழாவது கண்ணாடித் தகடு

ஜன்னல் வெயில் மைக்ரோஸ்கோப்பின் கழுத்தில் சாய்ந்து கிடக்கிறது. பதினேழாவது கண்ணாடித் தகட்டில் ஒரு எலியின் சிறுநீரகம், வெங்காயத் தோலைவிட மெல்லிய துண்டாக, ரோஜா நிறத்தில் ஒளிர்கிறது. எந்த எலிக்குப் புற்றுநோய் மருந்து போட்டார்கள், எதற்கு வெறும் உப்புநீர் என்பது பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. அதற்காக எண்ணுக்குக் கீழே உள்ள குறிப்பின் மேல் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். இருபது வருஷமாகத் திசு பார்க்கிறவளுக்கு அந்தப் பட்டையைப் பிரிக்க அவசியமே இல்லை. மருந்து புகுந்து விளையாடியிருக்கிறது. செல்கள் நனைந்த காகிதம்போல உப்பி, உதிர்ந்து கிடக்கின்றன. காலையில் பார்த்த ஈரல் துண்டும் இப்படித்தான். சேதத்துக்கு மதிப்பெண் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. இது மூன்றேதான்; ஆனாலும் அவள் பென்சில் இரண்டு என்று எழுதுகிறது. மேசையில் ஃபோன் அதிர்கிறது. தம்பி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இதே மருந்து அவன் கையில் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருக்கிற நேரம். சிறுநீரகத்தில் தங்காமல் அதைக் கழுவி வெளியேற்றத் தண்ணீர்தான் வழி.

“தண்ணி குடிச்சியாடா?”

“குடிச்சுக் குடிச்சு வயிறு குளமாயிடுச்சுக்கா. எப்பப் பாரு தண்ணி தண்ணின்னு உயிரை எடுக்கறே. வேற பேச்சே கிடையாதா உனக்கு?”

அவள் சிரித்துவிடுகிறாள். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, காகிதம் கசங்க அந்த இரண்டை ரப்பரால் அழிக்கிறாள். அதே இடத்தில் மூன்று என்று அழுத்தி எழுதுகிறாள்.

“இன்னும் ஒரே ஒரு டம்ளர்டா,” என்கிறாள். “அக்காவுக்காக.”