முன்னால் வந்து நின்ற கப்பல்

“இவன் இருந்தா நான் வரல. குருநாதா, இப்பவே முடிவு சொல்லு.”

காரைக்குடியில் குருநாதன் நடத்தும் கேம் சென்டரில், ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு எழுந்து நின்றார் சேவுகப்பெருமாள். முப்பது வருசம் லாரி ஓட்டியவர். ரோட்டை விட்டபிறகு இங்கே திரையில் விண்வெளிக் கப்பல் ஓட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் போட்டி. நாலு கப்பல் சேர்ந்து, சூரியனைப் பார்த்த பாதையில் சரக்கு கொண்டுபோக வேண்டும்.

“முஜிபுர் என்னண்ணே செஞ்சான்?”

“நடுவுல சூரியப் புயல் அடிக்குதுல்ல, அந்த நேரம் பாத்து என் மூஞ்சிக்கு நேரா வந்து மறிக்கிறான். ஒரு தடவை இல்ல, நாலு தடவை. ரோட்டுல செஞ்சிருந்தா எறங்கிச் சட்டையப் பிடிச்சிருப்பேன்.”

“புயல்ல ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேக்காதுண்ணே. யாருக்கும் கேக்காது.”

“எனக்குக் கேக்குதே. என் கப்பல் நூல் பிடிச்ச மாதிரி போகுது. இவன் கப்பலப் பாரு, குடிச்சவனாட்டம் ஆடுது. அந்தப் பொறாமைதான்.”

ரெடிமேட் கடை வைத்திருக்கும் முஜிபுர் ரகுமான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

“ஏம்ப்பா மறிச்ச? வாயத் தொறந்து சொல்லு” என்றான் குருநாதன்.

“தப்புதாண்ணே. விட்டுருங்க.”

“எதுக்கு விடணும்? பதினோரு வருசம் முன்னாடி திருப்பத்தூர் ரோட்டுல எனக்கு வழி விடாதவன் வண்டி நம்பரே இன்னும் எனக்கு மறக்கல. உன்னை மறப்பேனா?”

குழுவில் நாலாவது ஆளான ரோகிணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முஜிபுர் வேண்டாமென்று அவளிடம் தலையாட்டினான்.

“நான் விலகிக்கிறேன். நீங்க ஜெயிச்சுட்டு வாங்கண்ணே” என்று சேவுகப்பெருமாளிடம் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

அவன் நாற்காலியில், அங்கே விளையாட வந்திருந்த லட்சுமணனை உட்காரவைத்தார்கள். மறுபடி ஓட்டம் தொடங்கியது.

பாதி வழியில் புயல் வந்தது. இந்த முறை சேவுகப்பெருமாளின் முன்னால் யாரும் இல்லை. நல்லதாப் போச்சு என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இடது பக்கம் திருப்பினார். கப்பல் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். சட்டென்று பம்பரமாகச் சுற்றி, குருநாதன் கப்பலில் போய் மோதியது. இரண்டும் சரக்கோடு சிதறின.

“இந்த ஸ்டீயரிங் கெட்டுப்போச்சு. மொதல்ல மாத்து இத.”

“அது நல்லாத்தான் இருக்குங்கய்யா” என்றாள் ரோகிணி. “இன்னைக்குத்தான் புயல் மொதத் தடவையா உங்க மேல அடிக்குது.”

“இத்தன நாளு?”

“முஜிபுர் அண்ணன் கப்பல் பெருசு. சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவுல நின்னு, அடிய எல்லாம் அவரே வாங்கிக்கிட்டாரு. நீங்க அந்த நிழல்ல போனீக.”

சேவுகப்பெருமாளுக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை.

“எவன் கேட்டான் அவன்கிட்ட நிழலு? அப்படியே நின்னாலும், அத எல்லாரு முன்னாடியும் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?”

ரோகிணி ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அதச் சொன்னா, உங்க கை நடுங்குறதையும் சேத்துச் சொல்லணுமேன்னாருய்யா.”