பதினொன்று பத்து

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மூக்குக்கண்ணாடி இரண்டாக உடையட்டும்.

வடிவியல் பேராசிரியரை மகள் ஞாபகப் பரிசோதனைக்கு அழைத்து வந்திருந்தாள். தேறாவிட்டால் கல்லூரியில் அவர் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"ஒரு கடிகாரம் வரைஞ்சு, பதினொன்னு பத்துக்கு முள் வைங்க சார்," என்றார் டாக்டர்.

பேராசிரியர் பையிலிருந்து காம்பஸையும் ஸ்கேலையும் எடுத்தார்.

"சும்மா கையாலயே போடுங்கப்பா," என்றாள் மகள்.

"கையால போட்டா அது உருளைக்கிழங்கும்மா."

வட்டம் வந்தது. பன்னிரண்டு எண்களும் பெரிய முள்ளும் வந்தன. சின்ன முள் மட்டும் வரவில்லை. அரை மணி நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டார். மகள் தாளை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, பதினொன்னு எங்க இருக்குன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன? பத்து நிமிஷத்துல சின்ன முள் அதைத் தாண்டி அஞ்சு டிகிரி போயிருக்கும். காம்பஸும் ஸ்கேலும் மட்டும் வெச்சு அஞ்சு டிகிரியை எந்தக் கொம்பனாலயும் துல்லியமாப் போட முடியாது."

"பையில பாகைமானி இருக்கேப்பா."

"அது சரிபார்க்க. அதை வெச்சு வரையறது காப்பியடிக்கிற மாதிரி. டாக்டர், ரெண்டு நிமிஷம் தள்ளிக் கேளுங்க. ஆறு டிகிரின்னா காம்பஸுக்கு அடங்கும், இப்பவே போட்டுத் தரேன்."

டாக்டர் பதினொன்று பன்னிரண்டு கேட்டார். பேராசிரியர் பெரிய முள்ளை அழித்து மாற்றிப் போட்டார்; சின்ன முள்ளும் விழுந்தது. டாக்டர் பாகைமானியை வைத்துப் பார்த்தார், மயிரிழைகூடப் பிசகவில்லை. ஞாபகத்தில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இவ்வளவையும் எனக்குச் சொன்னவர் பேராசிரியரேதான். அவருக்குப் பிள்ளைகளே கிடையாது.