மேட்டுக் கருப்பன் திருநீறு

“தள்ளி உக்காரும்மா! மேல வந்து சாயுறான் பாரு உம் புருஷன்” என்று எரிந்து விழுந்தார் சௌந்தரபாண்டியன்.

மாயக்காள் புருஷனைத் தன் பக்கம் இழுத்து, கம்பளியைக் கழுத்துவரை போர்த்திவிட்டாள்.

“காய்ச்சல் ஐயா. கண்ணே தொறக்கல. போடி ஆசுபத்திரியில காட்டிட்டு, சிலமலையில இவுக ஆத்தாகிட்டக் கொண்டு போறோம்.”

அவ்வளவும் பொய். மொக்கச்சாமியின் உயிர் விடியக்காலமே போய்விட்டது.

அவன் கூலி வேலை பார்த்த மலை ஏலத்தோட்டத்தில் செத்தவர்களை அன்றைக்கே காட்டோரம் புதைத்துவிடுவது வழக்கம். மலையில் ஓடும் வண்டி எதுவும் பிணம் ஏற்றாது. பிணம் ஏறிய வண்டியை, மலையுச்சியில் காவல் நிற்கும் மேட்டுக் கருப்பன் சாமி பத்திரமாக இறங்க விடமாட்டான் என்பது டிரைவர்களின் நம்பிக்கை. ஜீப் டிரைவர் மாசானத்துக்கு அந்தப் பயம் மற்றவர்களைவிட ஒரு படி அதிகம்.

ஆனால் மொக்கச்சாமி கடைசியாகச் சொன்னது ஒன்றுதான். “எங்காத்தா மொகத்தைப் பாக்காம என்னை இந்தக் காட்டுல பொதைச்சுறாத.” அவன் ஆத்தா கீழே சிலமலையில் இருந்தாள்.

அதனால் மாயக்காளும் அவள் தம்பி காசிராஜனும் ஆளுக்கொரு பக்கமாக அவனை அணைத்துத் தூக்கிவந்து ஜீப்பில் உட்காரவைத்துவிட்டார்கள். காய்ச்சல் என்றதும் மாசானமும் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டான்.

மார்கழி மாசம். எரிந்து கருகியதுபோல் கிடந்த பாறைகளின் மேல் சுண்ணாம்பு அடித்தாற்போலப் பனி உறைந்திருந்தது. பாதை பத்தடிக்கு மேல் தெரியவில்லை.

சௌந்தரபாண்டியன் போடியில் ஏலக்காய் வியாபாரி. முன் சீட்டில் அவருடைய ஏலக்காய் மூட்டை மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அது நனையக் கூடாதாம். அவர் பின்னால் வந்து, மொக்கச்சாமிக்கு அந்தப் பக்கம் ஒடுங்கிக்கொண்டு, ஏறியதிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பூப்பாறை தாண்டியதும் முணுமுணுப்பு அடங்கியது. அப்பாடா, தூங்கிவிட்டார் என்று மாயக்காள் நினைத்தாள்.

மலையுச்சியில், கருப்பன் கோயில் இருக்கும் மேட்டில் ஜீப் நின்றது. இங்கே எல்லாரும் இறங்கி, கருப்பன் திருநீறு பூசிக்கொண்டால்தான் மாசானம் இறக்கத்தில் வண்டியை விடுவான்.

“எறங்குங்க, எறங்குங்க. வெரசா.”

“அவுகளால எறங்க முடியாதுண்ணே” என்றாள் மாயக்காள்.

“காய்ச்சல்காரனுக்குத்தான் ஆத்தா மொதல்ல பூசணும். அவரு அப்படியே இருக்கட்டும். நானே கொண்டாந்து பூசிவிடுறேன்.”

மாசானம் உள்ளங்கையில் திருநீற்றோடு வந்தான். ஜில்லிட்டுக் கிடந்த நெற்றியில் விரல் பட்டால் போதும், குட்டு உடைந்துவிடும். காசிராஜன் தடுக்கக் கையை நீட்டினான்.

“ஏய் மாசானம், நிறுத்துடா!”

கத்தியவர் சௌந்தரபாண்டியன்.

“காய்ச்சலாம், காய்ச்சல்! ராவெல்லாம் சாராயத்துல குளிச்சிருக்கான். பக்கத்துல உக்காந்து வந்த எனக்கில்ல தெரியும் அந்த நாத்தம்! கருப்பன் திருநீறைக் குடிகாரன் நெத்தியில பூசிட்டு வண்டி ஓட்டப் போறியா? வெளங்குமாடா?”

மாசானம் சுடுசட்டியைத் தொட்டவன்போல் கையை இழுத்துக்கொண்டான். டீக்கடை வாசலில் குளிருக்கு ஒடுங்கி நின்றவர்கள் சிரித்தார்கள். “குடிகாரனுக்குக் கம்பளி வேறயா?” என்றான் ஒருத்தன்.

மொக்கச்சாமியோ தீபாவளி, பொங்கலுக்குக்கூடச் சாராயத்தைத் தொடாத மனுஷன். செத்த பிறகா இந்தப் பேர் வாங்க வேண்டும்? மறுத்துப் பேசினால் மாசானம் நெற்றியைத் தொடுவான். மாயக்காள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

மாசானம் விடுவதாக இல்லை. அந்த மேடுதான் மாநில எல்லை; ஏலத்தோட்டம் இருக்கும் அந்தப் பக்கம் சாராயம் தாராளம். இறங்கிப் போகிற இந்தப் பக்கம் மதுவிலக்கு.

“எறக்கி விட்டுர்றேன் மொதலாளி. கீழ முந்தல் செக்போஸ்ட்ல போலீசு நிப்பான். குடிகாரனை ஏத்திட்டுப் போனா எஞ் ஜீப்பைப் புடிச்சு வச்சுக்குவான்.”

“இந்தப் பனியில எறக்கிவிட்டா வெறைச்சுச் செத்துப்போவான். பெறகு யாருடா பதில் சொல்றது? மூஞ்சியை மூடிப் போட்டுட்டு எடு வண்டியை.”

மாசானம் திட்டிக்கொண்டே கம்பளியை மொக்கச்சாமியின் முகத்துக்கு மேல் இழுத்துவிட்டான். முந்தலில் போலீஸ்காரர் குளிருக்குப் பயந்து உள்ளேயிருந்தே கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டார்.

போடியில் சௌந்தரபாண்டியன் கடை வாசலில் ஜீப் நின்றது. அவருடைய வண்டிக்காரன் வேலுச்சாமி மூட்டையை இறக்கினான்.

“நம்ம மாட்டு வண்டியைப் பூட்டு வேலுச்சாமி. இந்தக் குடிகாரனைச் சிலமலையில கொண்டு தள்ளிட்டு வந்துரு” என்றார் அவர், மாசானத்தின் காதில் நன்றாக விழும்படி.

மாசானம் மட்டும் ஒதுங்கி நிற்க, மற்றவர்கள் மொக்கச்சாமியைத் தூக்கி மாட்டு வண்டியில் கிடத்தினார்கள். ஜீப் தெருமுனை திரும்பியதும் மாயக்காளுக்கு அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது.

“நாலு பேரு முன்னால எம் புருஷனைக் குடிகாரன்னுட்டீகளே ஐயா! ஒரு சொட்டுத் தொட்டதில்ல அந்த மனுஷன். ஒங்க நாக்கு அழுகிப் போகாதா?”

சௌந்தரபாண்டியன் கோபப்படவில்லை. வண்டிக்குள் குனிந்து, விலகியிருந்த கம்பளியைச் சரிசெய்தார்.

“அவரு குடிக்கலேன்னு தெரியும் ஆத்தா. உசுரோட இல்லேங்கறதும் பூப்பாறை தாண்டி மறுபடி எம்மேல சாஞ்சப்பவே தெரியும். குடிகாரன்னா மாசானம் திட்டிக்கிட்டாவது கொண்டாந்து சேத்துருவான். பொணம்னா ஏத்தமாட்டானே!”