வலப்பக்கத்து பெஞ்சு

"வே, அது பொம்பளையளுக்க பெஞ்சாக்கும். எழும்பி இந்தப் பக்கம் வாரும்" என்று சர்ச்சில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை கெஞ்சிப் பார்த்தார். தங்கபாண்டி அசையவில்லை. கிறிஸ்துமஸ் அன்றுகூட வாசலோடு நின்றுவிட்டுப் போகிற மனிதர், இன்று முதல் மணிக்கு முன்பே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் முந்தின நாள் சாயங்காலம் கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் கேட்ட பிரசங்கத்தின் வேலை. நியாயத்தீர்ப்பு நாளில் ஆண்டவர் செம்மறியாடுகளை வலப்பக்கமும் வெள்ளாடுகளை இடப்பக்கமும் நிறுத்துவார், இடப்பக்கத்தாருக்கு நித்திய அக்கினி, அந்த நாள் நாளைக்கு ஆராதனை நடுவில்கூட வரலாம் என்று பிரசங்கியார் தொண்டை வற்றக் கத்தினார். தங்கபாண்டி ராத்திரி முழுக்க இதையே யோசித்தார்.

அவர் சபையில் உள்ளே நுழைந்தால் வலது வரிசை பெண்களுக்கு, இடது வரிசை ஆண்களுக்கு. கள்ளுக்கடையை ஒரே ராத்திரியில் விடுவது நடக்கிற காரியமில்லை. பெஞ்சை மாற்றலாம்.

விஷயம் தெரிந்ததும் மற்ற ஆண்களும் ஒவ்வொருவராக வந்து அவருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்கள். யாரும் யாரையும் காரணம் கேட்கவில்லை. இரண்டாவது மணி அடிக்கும்போது இடது வரிசை காலி.

பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் ராஜபாய், தங்கபாண்டியின் மனைவி. வீட்டில் டிவி ரிமோட்டைக்கூட விட்டுக்கொடுக்காதவள். தங்கபாண்டி இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன கூத்து?" என்றாள்.

"ராஜபாயி, நான் பாவி. எனக்கு வலப்பக்கம்தான் வேணும். நீ நல்லவளாக்கும், எங்க இருந்தாலும் ஆண்டவரு உன்னக் கண்டுபிடிச்சிருவாரு."

அவள் பீடத்தை ஒரு தரம் பார்த்தாள். அவரை ஒரு தரம் பார்த்தாள்.

"செரி, நீங்க அங்கனயே இருங்க."

அவ்வளவுதான். மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய் இடது வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

தங்கபாண்டிக்கு உயிர் வந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டவள் நெருப்பில் கிடந்து வேகப் போகிறாளே என்று நினைத்ததும் நிஜமாகவே கண் கலங்கியது. போதகர் வருவதற்குள் நடுவழிப் பக்கமாகச் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"உனக்குப் பயமா இல்லியா? இடப்பக்கத்துல போய் இருக்கியே."

ராஜபாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஆண்டவரு நம்மளப் பாத்துல்லா நிப்பாரு. அவருக்கு இதாக்கும் வலப்பக்கம்."